திறமை உண்டு, விளைச்சல் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நடுவில் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு நிகழ்தகவு ஞாபகம் இருந்தால் போதும்.

ஆன்லைன் பண விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதிலிருந்து உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், போக்கர் திறமை விளையாட்டு என்று ஐகோர்ட்டே சொல்லியிருக்கிறதே, பிறகு ஏன் தடை?"

கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டு அரசின் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்து வந்த சட்டத்தைப் பற்றி 2023 நவம்பர் 9 அன்று தீர்ப்புச் சொன்னபோதும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், அவற்றைத் தடை செய்ய முடியாது என்றது. திறமை இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அந்த நோட்டு என் பழைய மாணவன் ஒருவனுடையது. நம்ம பொம்மையார்பாளையத்துப் பையன்தான், இப்போது புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றான். தடை வருவதற்கு முந்தைய கோடையில் நோட்டோடு வீட்டுக்கு வந்து, "சார், நான் எங்கே தப்புப் பண்றேன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அதைத் திருத்திக்கிட்டா விட்டதைப் பிடிச்சிடுவேன்" என்றான். மனைவியின் நகை அடகில் இருப்பதை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னான்.

அவன் ஆடியது ஒன்பது பேர் உட்காரும் மேஜை. அதற்கு ஃபுல் ரிங் என்று பெயர். போட்டி இல்லை, நேரடிப் பணம். ஒவ்வொருவருக்கும் கையில் இரண்டு சீட்டு. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு படிப்படியாகத் திறக்கும். ஒவ்வொரு படியிலும் பணம் கட்டலாம், அல்லது கையைப் போட்டுவிட்டு விலகலாம்.

52 சீட்டில் இரண்டை எடுக்க 1,326 வழிகள். அதில் ஜோடி ஏஸ் வருவது 6 வழிகளில் மட்டும், அதாவது 221 கைக்கு ஒரு முறை. அந்த ஜோடி ஏஸே ஒரே ஒரு எதிராளியோடு கடைசிவரை போனால் நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். எட்டுப் பேரும் விலகாமல் நின்றால் 35 முறை போல்தான் ஜெயிக்கும். ஆள் கூடக் கூட நல்ல கையின் மதிப்பு இறங்குகிறது. அதனால் இந்த மேஜையில் நன்றாக ஆடுபவர்கள் நூறு கையில் எண்பதுக்கு மேல் தொடாமலே போட்டுவிடுவார்கள். ரம்மி ஆடுபவர்களுக்கு ஸ்கூட் விடத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன் என்பது தெரியும். அதே சங்கதிதான்.

அவன் நோட்டிலிருந்து ஒரு கையை மட்டும் காட்டுகிறேன். கட்டாயப் பணம் 5 ரூபாயும் 10 ரூபாயும். முதலில் பேச வேண்டிய ஆள் 30 ரூபாய்க்கு ஏற்றினார். நம் பையனிடம் ராஜாவும் ஜாக்கியும். அவனும் 30 கட்டினான். மற்றவர்கள் விலகினார்கள். நடுவில் 75 ரூபாய். பொதுச் சீட்டு மூன்று திறந்தன: ராஜா, எட்டு, மூன்று. இவனுக்கு ராஜா ஜோடி சேர்ந்துவிட்டது, சந்தோஷம். எதிராளி 50 கட்டினார், இவனும் கட்டினான். அடுத்த சீட்டு ஆறு. அவர் 120, இவனும் 120. நடுவில் இப்போது 415. கடைசிச் சீட்டு இரண்டு. ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு சேர வாய்ப்பே இல்லை. எதிராளி 300 கட்டினார்.

இப்போது 300 கொடுத்தால் 715 கிடைக்கலாம். 300-ஐ 1,015-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30 சதவீதம். பத்தில் மூன்று முறைக்குக் குறையாமல் ஜெயிக்கும் என்றால்தான் கட்டலாம்.

சரி, எதிராளியிடம் என்ன இருக்கலாம்? ஒன்பது பேர் மேஜையில் முதல் ஆளாகப் பேசுபவருக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். நிதானமான ஆள் என்றால் நல்ல கை இல்லாமல் ஏற்ற மாட்டார். மூன்று முறை விடாமல் பணம் கட்டக்கூடிய கைகளை எண்ணச் சொன்னேன். ஜோடி ஏஸ் 6 வழி. ஏஸ்-ராஜா 8 வழி, ஏனென்றால் ஒரு ராஜா இவன் கையில், ஒன்று நடுவில், மீதி இரண்டுதான். ஜோடி ராஜா 1. ஜோடி எட்டு 3. மொத்தம் 18. பதினெட்டும் இவனை வெல்லும் கைகள்.

"அவர் சும்மா மிரட்டியிருக்கலாமே சார்?" என்றான். இருக்கலாம். எத்தனை மிரட்டல் வேண்டும் என்று பார். 18 நல்ல கைக்கு எதிரே குறைந்தது 8 வெற்றுக் கை இருந்தால்தான் உனக்கு 30 சதவீதம் தேறும். ஏஸ்-ராணி 16 வழியில் வரும். அதில் பாதி தடவை அந்த ஆள் கையில் ஒன்றும் இல்லாமல் மூன்று முறை பணத்தைக் கொட்டுவாரா? அவன் யோசித்து, "மாட்டார் சார்" என்றான். அப்புறம் அவனே பின்னோக்கிப் போனான். பிசகு கடைசி 300 ரூபாயில் இல்லை. முதல் ஆள் ஏற்றிய பிறகு ராஜா-ஜாக்கியோடு உள்ளே நுழைந்த 30 ரூபாயில் இருக்கிறது. ராஜா வராவிட்டால் பிரயோஜனம் இல்லை. வந்தால், எதிரே ஏஸ்-ராஜா காத்திருக்கிறது.

நான்கு ஞாயிற்றுக்கிழமை இப்படிப் பார்த்தோம். பையன் நிஜமாகவே தேறினான். பத்தாம் வகுப்பில் இந்த ஆர்வம் காட்டியிருந்தால் சென்டம் வாங்கியிருப்பான்! ஆனால் ஐந்தாவது வாரம் நான் வேறு கணக்கை எடுத்தேன்.

ஒன்பது பேர், ஆளுக்கு 1,000 ரூபாய். மேஜையில் மொத்தம் 9,000. உதாரணத்துக்கு, ஒரு கைக்குச் சராசரியாக 200 ரூபாய் நடுவில் சேர்கிறது, தளம் 5 சதவீதம் கமிஷன் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு 10 ரூபாய். மணிக்கு 60 கை ஓடினால் 600 ரூபாய். வெளியிலிருந்து யாரும் பணம் கொண்டுவரவில்லை என்றால் 15 மணி நேரத்தில் அந்த 9,000-மும் கமிஷனாகவே போய்விடும். ஒன்பது பேரும் மேதைகளாக இருந்தாலும் இதே விடைதான். இதற்கு மேல், 2023 அக்டோபர் முதல் உள்ளே போடும் பணத்துக்கு அப்போது 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது, நிகரமாக ஜெயித்ததற்கு 30 சதவீத வரிப் பிடித்தமும் இருந்தது.

என் வகுப்பில் ஒன்பது பேர் நன்றாகப் படித்தால் ஒன்பது பேரும் 90 மார்க் வாங்கலாம். ஒருவன் வாங்கியதால் அடுத்தவனுக்குக் குறையாது. அந்த மேஜையில் நீ 90 வாங்க வேண்டுமென்றால் மற்ற எட்டுப் பேரின் மார்க்கைப் பிடுங்க வேண்டும், அதிலும் ஒரு பங்கைத் தேர்வு நடத்துபவர் எடுத்துக்கொள்வார். நீ தேறினால் மட்டும் போதாது, எட்டுப் பேர் உன்னைவிட மட்டமாக இருக்க வேண்டும். அந்த எட்டுப் பேர் யார்? திரையில் தெரியாது. கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து செய்த புளூரிபஸ் என்ற கணினி நிரல் 2019-லேயே ஆறு பேர் மேஜையில் உலகத் தரமான ஆட்டக்காரர்களை வென்றுவிட்டது.

நம்ம பக்கத்து மரக்காணம் உப்பளத்தைப் பாருங்கள். பாத்தியை மிதித்து இறுக்குவதில் திறமை இருக்கிறது, நீரை எப்போது அடுத்த பாத்திக்கு மாற்றுவது என்பதில் திறமை இருக்கிறது. ஒரு ராத்திரி மழையில் எல்லாம் கரைந்துபோகும் அதிர்ஷ்டக்கேடும் இருக்கிறது. கடலுக்குப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் அங்கே வெயில் உப்பைத் தருகிறது, கடல் மீனைத் தருகிறது. முன்பு இல்லாத ஒன்று புதிதாக வருகிறது. சீட்டு மேஜையில் புதிதாக ஒரு கைப்பிடி உப்புகூட விளைவதில்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் போகிறது, வழியில் சிந்துகிறது. நீதிமன்றம் பார்த்தது திறமை உண்டா என்பதை. வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி விளைச்சல் உண்டா என்பது.

'திறமை விளையாட்டு' என்ற பெயரில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதிர்ஷ்டம் என்றால் தோற்றவன் எழுந்து போய்விடுவான். திறமை என்றால், எனக்குத்தான் பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் பணம் போடுவான். கணக்கில் தவறியவனிடம் "இன்னும் பயிற்சி செய்" என்று சொல்வது முப்பது வருடம் என் வேலை. இந்த மேஜையில் அந்த அறிவுரைதான் ஆளை முழுக அடிக்கிறது.

பையன் இப்போது ஆடுவதில்லை. தடை வந்தவுடன் பெரிய தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன. ஆனால் வெளிநாட்டுச் செயலிகளின் லிங்க் அவன் போனுக்கு வந்துகொண்டே இருக்கிறது. உங்களுக்கும் வரும். தொட வேண்டாம். இந்தச் சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை, நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும்தான் தண்டிக்கிறது. அதனால் பணத்தை விட்டவர்கள் பயந்து ஒளிய வேண்டியதில்லை. வீட்டில் சொல்லுங்கள். அவன் மனைவியிடம் சொன்ன பிறகுதான் நகையை மீட்க ஒரு வழி பிறந்தது. மாதா மாதம் அடைக்கிறார்கள்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை: சொல்ல வருகிறவனைத் திட்டாதீர்கள். அவன் முட்டாள் இல்லை, பல பேர் நல்ல மூளைக்காரர்கள். மனசு தாங்கவில்லை என்றால் டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.

நிகழ்தகவு கற்றுக்கொள்ள ஆசை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்கு வாருங்கள். சீட்டுக்கட்டு இருக்கிறது. பந்தயம் தீக்குச்சி. தோற்றவர் எல்லோருக்கும் டீ போட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்