குற்றவாளியா, சுற்றவாளியா?

பீ.எச்.ஐ. என்றால் டெங்கு பார்க்க வீட்டுக்கு வருகிறவர், கடைக்காரருக்குத் தலைவலி கொடுக்கிறவர் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் நீதிமன்றத்தில் வழக்கும் நடத்துகிறவர் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

அரச தரப்பு வழக்கறிஞர் என்றதும் சினிமாவில் வரும் கறுப்புக் கோட்தான் ஞாபகம் வரும். சட்டமா அதிபர் திணைக்களத்தின் அரச சட்டத்தரணிகளை நீங்கள் பெரும்பாலும் மேல் நீதிமன்றத்தில்தான் காண்பீர்கள். கீழே, நீதவான் நீதிமன்றத்தில், பொலிஸ் போட்ட வழக்கைப் பொலிஸ் அதிகாரியே நடத்துவார். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம், 2007இல் வந்த நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டம் இவற்றின் கீழ் வரும் வழக்குகளுக்கு நாங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை இதற்கு இடம் கொடுக்கிறது. சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. இடத்தைச் சோதித்தவனும் நான், அறிக்கை எழுதியவனும் நான், வழக்கு நடத்துகிறவனும் நான், சாட்சியும் நானேதான். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கு.

நான் வேலை செய்வது நாலந்தாப் பக்கம். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவில், ஏ9 வீதியில். கெடிகே பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர், யாழ்ப்பாணம் போகிற வேன், மரக்கறி லொறி என்று வீதி ஓய்வதில்லை. அதனால் சாப்பாட்டுக் கடைகளும் அதிகம்.

ஒரு கடையில் காலாவதியான பொருட்களைப் பிடித்தேன். அந்த நேரம் கடையில் நின்றது இருபது வயதுத் தம்பி ஒருவன், சம்பளத்துக்கு ரொட்டி போடுகிறவன். முதலாளி போனில் வந்தார். "அவன்ட பேரையே எழுதுங்க சேர், தண்டப்பணத்த நான் கட்டுறேன்." கேட்க நல்ல மனசு மாதிரித்தான் இருக்கும். ஆனால் காசு முதலாளியுடையது, தண்டனைப் பதிவு அந்தத் தம்பியுடைய பெயரில். நான் பிரதேச சபைக்குப் போய் வியாபார அனுமதிப்பத்திரம் யார் பெயரில் இருக்கு என்று பார்த்தேன். அந்தப் பெயரைத்தான் அறிக்கையில் எழுதினேன். நீதிபதி கதிரையில் உட்கார முதலே, ஒரு பெயரை எழுதும்போது பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

மீதிப் பாதி மொழி. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். சிங்களம் விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளரின் உதவி பெற உரிமை உண்டு. உரிமை இருக்கு என்று தெரிந்தவர்தானே கேட்பார்?

எனக்கு முன்பு இருந்தவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது விட்டுச்சென்ற கோப்புகளில் ஒரு நுளம்பு வழக்கு. தோட்டத்து லயத்தில் இருந்து வந்த அம்மா ஒருவர். குற்றப்பத்திரத்தைச் சிங்களத்தில் வாசித்தார்கள். அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டு, தமிழ் முகம் என்று நினைத்தோ என்னவோ, என்னிடமே கேட்டார்.

"தம்பி, நான் என்ன சொல்லணும்?"

அவருக்கு எதிராக நிற்கிறவன் நான். "ஓம் என்று சொல்லுங்க அம்மா" என்றால் ஐந்து நிமிடத்தில் வழக்கு முடியும். வரிசையில் நின்ற பலரும் அப்படித்தான் முடித்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டு வருகிறவர்களுக்கு இன்னொரு தவணை என்பதே தண்டனைதான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நீதவானிடம் சொன்னேன்.

தமிழில் கேட்டதும் அந்த அம்மா நிமிர்ந்தார். "அந்தப் பீப்பா என்னோடது இல்லீங்க. நாலு வீட்டுக்கும் பொது." சுற்றவாளி என்று பதிவானது.

குற்றவாளி, சுற்றவாளி. நம்ம நாட்டு நீதிமன்றத் தமிழில் இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு எழுத்துத்தான். அந்த எழுத்தைக் கேட்க ஒருவர் தமிழில் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

பிறகு நான் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான்கு வீட்டுக் கூரைத் தண்ணியும் விழுகிற உடைந்த பீலி, அதற்குக் கீழே பீப்பா. பீலியைத் திருத்த வேண்டியது தோட்ட நிர்வாகம். எங்கள் வைத்திய அதிகாரியிடம் பேசி, நீதிமன்ற அனுமதியோடு வழக்கை வாபஸ் வாங்கினோம். "உன் கேஸை நீயே கெடுத்துக்கிட்டியே" என்று கூட வேலை செய்கிறவர் சிரித்தார். வழக்கு நடத்துகிறவனின் வேலை வெல்வது என்று அவர் நினைக்கிறார். உண்மையான ஆளை, உண்மையான குற்றத்துக்கு, நீதிமன்றத்தின் முன் நிறுத்துவதுதான் வேலை என்று நான் நினைக்கிறேன்.

இப்போது சுயாதீனமான வழக்குத்தொடுநர் அலுவலகம் வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. வேண்டியதுதான். ஆனால் அந்தப் பேச்சு முழுக்கப் பெரிய ஊழல், பெரிய கொலை வழக்குகளைப் பற்றியது. நம்ம சனங்களில் பலர் நீதிமன்றத்தைப் பார்ப்பதோ பீப்பாவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும்தான்.

அதனால் வீட்டில் யாருக்காவது அழைப்பாணை வந்தால் இதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கலாம். விளங்காமல் "ஓம்" என்று சொல்ல வேண்டாம். அவசரத்தில் சொல்லிவிட்டாலும், தீர்ப்பில் தண்டனை விதிக்கும் முன் நீதவானின் அனுமதியோடு அதை மாற்றலாம். எதிரே நிற்கிற என்னைப் போன்றவர்கள் கோபிக்க மாட்டோம். கோபித்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.