ஞானப்பல் போன பிறகு

ஞானப்பல் என்று பெயர் வைத்தவர் பொல்லாத வேடிக்கைக்காரராக இருக்க வேண்டும், சகோதரிகளே! பெரும்பாலும் 17 வயதுக்கு மேல், இடமில்லாத வீட்டுக்கு வரும் விருந்தாளிபோல் வந்து சேருகிறது.

மரத்துப்போக ஊசி போட்டுப் பிடுங்கியபோது எனக்கு வலியே தெரியவில்லை. மூன்றாம் நாள்தான் காதுவரை தெறித்தது. "பல் பிடுங்கினால் வலிக்காதா? பொறுத்துக்கொள்" என்றார் மாமியார். நான் டாக்டரிடம் ஓடினேன். குழியில் உறைந்திருக்க வேண்டிய ரத்தம் கழன்று, எலும்பு திறந்து கிடந்ததாம்! கழுவி, கிராம்புத் தைல மருந்து வைத்தார். அன்றிரவு தூங்கினேன்.

முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள். சில நாள் எதையும் உறிஞ்சிக் குடிக்காதீர்கள். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம். வலி நாளுக்கு நாள் குறையவேண்டும். கூடினால், வீட்டு வேலையைப் போட்டுவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள்!