கோவளத்தில் தொலைந்த சாவி

கோவளத்தில் மணலை ஒட்டி வண்டி நிறுத்தும் இடத்தில் வெள்ளை ஸ்விஃப்ட் ஒன்று வெயிலில் வெந்துகொண்டிருந்தது. அதன் ஒடுங்கிய நிழலில் ஒரு பாட்டி, ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகள். இடுப்புவரை நனைந்த பேன்ட்டோடு நின்றவர்தான் வண்டிக்காரர் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு அலையில் நின்றிருக்கிறார். சட்டைப் பையில் சாவி. குனிந்தார், போயிற்று.

"அரை மணி நேரம் தேடினேண்ணே" என்றார். கடலில்!

நான் கூடப் போயிருந்தவர் சாவி மாஸ்டர். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் வெறும் மாஸ்டர்தான். ஐம்பதை நெருங்கும் வயது. கடை கிடையாது. ஸ்கூட்டரின் காலடியில் துணி சுற்றிய வெட்டும் மெஷின், முதுகில் ஒரு பை. போன் வந்த இடம்தான் கடை. போன வருஷம் என் கார் சாவி தொலைந்து, கம்பெனி சர்வீஸில் "வண்டியைக் கட்டி இழுத்துட்டு வாங்க, பத்து நாள் ஆகும்" என்று சொன்னபோது, யாரோ இவர் நம்பரைக் கொடுத்தார்கள். என் வீட்டு வாசலிலேயே முக்கால் மணியில் முடித்தார். எப்படி முடித்தார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அந்தக் குறுகுறுப்பில்தான் ஒரு நாள் முழுக்கக் கூட வரலாமா என்று கேட்டேன். "வெயில் தாங்குவீங்களா சார்?" என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

"இன்னொரு சாவி வீட்ல இருக்கா?"

இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, ஒரே சாவியோடுதான் கைக்கு வந்தது. இந்தத் தொழிலில் இதற்கு ‘ஆல் கீ லாஸ்ட்’ என்று பெயர். ஒரு சாவி இருந்தால் அதைப் பார்த்து இன்னொன்று போடுவது சுலபம், ரேட்டும் குறைவு. ஒன்றுமே இல்லையென்றால் பூட்டிடமே கேட்டுத்தான் சாவி செய்ய வேண்டும்.

"ஆர்.சி. காட்டுங்க."

வண்டிக்காரர் போனை நீட்டினார். மாஸ்டர் பார்த்தார். நம்பர் சரி. பெயர் வேறு. பெயர் மாற்ற இன்னும் கொடுக்கவில்லை. வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. ஃபார்ம் 29, 30 இரண்டிலும் பழைய ஓனர் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார்.

"அதைக் காட்டுங்க."

"வண்டிக்குள்ள இருக்குண்ணே. டேஷ்போர்டு பெட்டிக்குள்ள."

இப்படி ஒரு சிக்கலை நான் கதையாக எழுதியிருந்தால் நம்ப மாட்டீர்கள். வண்டி தன்னுடையது என்பதற்கான ஆதாரம் வண்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. பழைய ஓனர் நம்பரை அழைத்தார்கள். எடுக்கவில்லை. பாட்டி, "குடும்பத்தோட வந்து யாருப்பா திருடுவா?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். மாஸ்டர் முகத்தில் அசைவில்லை.

"கதவைத் திறக்கறேன். பேப்பர் இருந்தா சாவி போடறேன். இல்லன்னா திரும்பப் பூட்டிட்டுப் போயிடுவேன். கதவு திறந்த காசு மட்டும் குடுங்க. சம்மதமா?"

சம்மதம் என்றார்கள்.

பையிலிருந்து எடுத்தது விரல் நீளத்தில் ஒரு எஃகுக் கருவி. பிறை மாதிரி ஒரு தகடு, அதில் ஊசிக்கோடுகளாய்க் கட்டம், கீழே சாவியின் அலகு போல ஒரு நாக்கு. லிஷி என்கிறார்கள், இதை உருவாக்கிய சீனப் பூட்டுக்காரரின் பெயரே கருவிக்கும் ஆகிவிட்டது. கார்ப் பூட்டுக்குள் பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. சரியான சாவி போனால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்து உருளை திரும்பும். லிஷியின் நாக்கு ஒவ்வொரு தகடாய்த் தொட்டு, அது எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்று தேடுகிறது. தொடுவது விரல், கேட்பதும் விரல்தான். ‘டிக்’ என்று ஒரு சின்ன அதிர்வு வருமாம். என் கையில் கொடுத்தார். எனக்குக் கடல் காற்றுதான் தெரிந்தது.

"பீச் வண்டிப் பூட்டெல்லாம் உப்பு தின்ன பூட்டு சார். தகடு ஒட்டிக்கும். பொய் சொல்லும்." கொஞ்சம் ஸ்பிரே அடித்துவிட்டு மறுபடி குனிந்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. துடைக்கக் கை எடுத்தால் பிடி போய்விடும் என்பதால் தொங்கவே விட்டார். பதினோரு நிமிஷம். உருளை திரும்பியது. கதவைத் திறந்ததும் ஹார்ன் அலறியது. ரிமோட்டில் பூட்டிய வண்டியைச் சாவித் துவாரம் வழியாகத் திறந்தால் சில வண்டிகள் இப்படித்தான் ஊரைக் கூட்டும். சுண்டல்காரர் உட்பட எல்லோரும் எங்களைத் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

டேஷ்போர்டு பெட்டியில் எல்லாம் இருந்தது: இரண்டு ஃபார்ம்கள், விற்றவர் ஆதார் நகல், இன்ஷூரன்ஸ். மாஸ்டர் ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். பிறகு ஒரு நீள நோட்டில் தேதி, வண்டி நம்பர், பெயர், கையெழுத்து. "எங்களுக்கு லைசென்ஸ்னு ஒண்ணும் கிடையாது சார். நாளைக்கு ஸ்டேஷன்ல இருந்து யாராவது வந்து கேட்டா, இந்த நோட்டுதான் என் லைசென்ஸ்." வந்திருக்கிறார்களா என்று கேட்டேன். இரண்டு முறை. இரண்டு முறையும் நோட்டு காப்பாற்றியதாம்.

மாஸ்டருக்குச் சொந்த ஊர் திண்டுக்கல். அப்பா பூட்டுத் தொழிலாளி. மாங்காய்ப் பூட்டு செய்தவர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே பட்டறையை மூடியாகிவிட்டது. பதினேழு வயதில் இவர் சென்னைக்கு வந்து, நடைபாதையில் குடை விரித்திருந்த ஒரு சாவிக்காரரிடம் சேர்ந்தார். வைஸ், இரண்டு அரம், ஒரு வளையம் நிறைய வெற்றுச் சாவிகள். "அம்பாசிடர் சாவின்னா கண்ணால பாத்தே ராவிடுவேன். ஒரு வண்டி சாவி இன்னொரு வண்டிக்கும் சேரும். அப்ப சாவின்னா இரும்பு, அவ்வளவுதான்."

இரும்பு மட்டும் போதாது என்று ஆனது சிப் வந்த பிறகு. பிரிட்டனில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் என்ற இந்தச் சிப் பூட்டு கட்டாயமானது. நம்மூர் வண்டிகளுக்கும் பின்னால் அது வந்து சேர்ந்தது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குழல், அல்லது கறுப்பாய் ஒரு சின்னக் கட்டி. பேட்டரி கிடையாது. இக்னிஷன் துவாரத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்பும். அந்தச் சக்தியிலேயே சிப் விழித்துத் தன் பெயரைச் சொல்லும். வண்டியின் கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பெயரென்றால் இன்ஜின் ஓடும். கதவைத் திறக்கும் ரிமோட் தனிக் கதை. அதற்குத்தான் பேட்டரி, அது பேசுவது 433 மெகாஹெர்ட்ஸில். ரிமோட் செத்தாலும் வண்டி ஓடுவதும், சிப் உடைந்தால் கதவு திறந்தும் வண்டி நகராததும் இதனால்தான். பாதிப் பேருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அன்று காலை வேளச்சேரியில் இதற்கு ஒரு பாடமே நடந்தது. சாவி வேலை செய்யவில்லை, புதுசு போட வேண்டும் என்று ஓர் அக்கா அழைத்திருந்தார். மாஸ்டர் ரிமோட்டைப் பிளந்து வட்ட பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்தார். மூன்று வோல்ட் இருக்க வேண்டியது 2.3. சிஆர் 2032 என்ற பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். புதுசு போட்டார். அப்படியும் முதல் அழுத்தலுக்குக் கதவு திறக்கவில்லை. "குழந்தை வெச்சு விளையாடுதாக்கா?" விளையாடுகிறது. ரிமோட் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதுப் புது எண்ணை அனுப்பும்; ஒட்டுக்கேட்டவன் அதையே திருப்பி அனுப்பினால் செல்லாது. வண்டியும் கூடவே எண்ணிக்கொண்டு போகும். குழந்தை மாடியில் உட்கார்ந்து நூறு தடவை அமுக்கினால் எண்ணிக்கை ரொம்ப முன்னே ஓடிவிடும், வண்டி பின்தங்கிவிடும். வண்டி பக்கத்தில் நின்று அடுத்தடுத்து இரண்டு தடவை அமுக்கினார்; ஒத்துப்போயிற்று. பேட்டரிக் காசும் பெட்ரோல் காசும் மட்டும் வாங்கினார். புதுச் சாவி போட்டதாகச் சொல்லியிருந்தால் அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்காது. அப்படிச் சொல்கிறவர்களும் இதே தொழிலில் இருக்கிறார்கள், அதையும் மாஸ்டரே சொன்னார்.

கோவளத்தில் அடுத்தது வெட்டு. லிஷியின் கட்டத்தைப் பார்த்து அவர் எண்களைச் சொல்லச் சொல்ல நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதினேன். இரண்டு, நான்கு, ஒன்று என்று ஒரு வரிசை. ஒன்றில் மட்டும் அவருக்குச் சந்தேகம். மறுபடி பூட்டில் விட்டுப் பார்த்து மூன்றை இரண்டாக்கினார். மெஷின் வெட்டியது. அரமெடுத்து விளிம்பில் இரண்டே இழுப்பு. மெஷினுக்குத் தேவைப்படாத அந்த இரண்டு இழுப்பு திண்டுக்கல்லில் இருந்து வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சிப் போடாமலே சாவியை இக்னிஷனில் திருகச் சொன்னார். எனக்காக. இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்கியது. "பாத்தீங்களா, இரும்பு சரி. பேர்தான் இல்ல."

பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு முள் துவாரத்தில் ஸ்கேனரைச் செருகினார். வண்டியின் ரகசிய ‘பின்’ (PIN) நம்பரைப் படித்து, புது சிப்பை அதன் நினைவில் ஏற்ற வேண்டும். ஏறும்போது வண்டி பேட்டரி இறங்கிவிட்டால் கம்ப்யூட்டரே படுத்துவிடும். அதனால் முதலில் வோல்டேஜ் பார்த்தார். அந்த ஸ்கேனருக்கு அவர் போட்டது ஸ்கூட்டர் விலையைவிட அதிகம். அப்டேட்டுக்கு வருஷா வருஷம் தனிக் காசு. பெரிய ஜெர்மன் வண்டிகள் சிலவற்றை இப்போதெல்லாம் எடுப்பதில்லை. கம்பெனி சர்வரே அனுமதி தர வேண்டுமாம். மழைக்காலத்தில் வேறு தினுசு வேலை: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஒரு மாதம் நனைந்த ரிமோட்டுகளைச் சுத்தம் செய்தே கழிந்தது.

ஸ்கேனர் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் படித்த ஒன்றைச் சொன்னேன். மெகாமோஸ் என்று ஒரு சிப். அதன் பூட்டை எப்படி உடைக்கலாம் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2013-ல் வோக்ஸ்வாகன் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய் அவர்கள் ஆய்வுக் கட்டுரையைத் தடுத்தது, 2015-ல்தான் வெளிவந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிப்பின் ரகசியச் சூத்திரத்தை அவர்கள் எடுத்ததே 2009 முதல் கிடைத்துவந்த சாவி புரோகிராம் போடும் மென்பொருள் ஒன்றிலிருந்துதான். மாஸ்டர் சிரித்தார். "பேப்பர்ல போடக்கூடாது, மெஷின்ல போடலாமா? மெஷின் யார் கையில இருக்குன்னு கேட்டிருக்கணும் சார்."

பீப் என்றது. சாவிப் பட விளக்கு அணைந்தது. திருகினார், இன்ஜின் பிடித்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பாட்டி முதல் ஆளாய் ஏ.சி. காற்றுக்கு நேராக உட்கார்ந்துகொண்டார்.

"பழைய சாவி கரை ஒதுங்கி யாராவது எடுத்தா?" வண்டிக்காரருக்கு இப்போதுதான் பயம் வந்தது.

"பழைய பேரை அழிச்சிட்டேன். வண்டி ஓடாது. ஆனா கதவு திறக்கும், பூட்டு அதேதானே. உள்ள பொருள் வெக்காதீங்க." கூடவே இன்னொரு சாவியும் போட்டுக்கொள்ளச் சொன்னார், வண்டி களவு போனால் இன்ஷூரன்ஸில் இரண்டு சாவியும் கேட்பார்கள், தொலைந்ததற்கு ஸ்டேஷனில் ஒரு ரசீதாவது வாங்கி வையுங்கள் என்றார். வண்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி பர்ஸைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் போட்டுக்கலாம்ணே."

மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. நான் எண்கள் எழுதிய துண்டுச் சீட்டை என்னிடமிருந்து வாங்கி, மடித்து, வண்டிக்காரர் கையில் வைத்தார். "இது உங்க சாவியோட அளவு. இது இருந்தா அடுத்த தடவை பூட்டை நோண்ட வேண்டியதில்ல, நேரா வெட்டிடலாம். பத்திரமா வைங்க."

"கண்டிப்பாண்ணே" என்று சொல்லிக்கொண்டே அவர் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, சீட்டை உள்ளே வைத்து மூடினார்.