நோயுற்ற நாளின் கூலி

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் முடிவில் மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்று எண்ணிக் காட்டினார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அந்நான்கு. மாதச் சம்பளமும் நாட்கூலியும் வாழ்க்கையை ஆள்கின்ற நம் காலத்தில், ஐந்தாவதாக ஓர் உறுப்பையும் சேர்த்தெண்ண வேண்டியிருக்கிறது. நோயாளி பாயில் படுத்திருக்கும் நாளில் அவர் வீட்டு அடுப்பு எரிவதற்கான வழியே அது. அவ்வழி இல்லாதவிடத்து மருத்துவன் அருகிலிருந்தும் பயனில்லை. நோயாளி அவனிடம் போகவே மாட்டார்.

சென்ற தவணையில் நம் மாணாக்கர் ஒருவர், "ஐயா, விமானியாவதற்குக் கடுமையான உடற்பரிசோதனை உண்டாமே! தேறியபின் அவருக்கு நோய் வந்தால் அவர் பிழைப்பு என்னாவது?" என்று வினவினார். நல்ல வினா. மலையகத்துப் பிள்ளை ஒன்று வானத்தை நோக்குவதே மகிழ்ச்சிக்குரியது. அதற்கு நாம் கூறிய விடையையும், அவ்விடை நம்மை இட்டுச் சென்ற எண்ணங்களையும் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளின்படி, பயணிகள் விமானத்தை ஓட்டுபவர் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். பொதுவாக 12 மாதத்துக்கு ஒரு முறையும், அறுபது வயதைக் கடந்தபின் 6 மாதத்துக்கு ஒரு முறையும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும். சான்றிதழ் கையிலிருப்பினும், தம் உடல்நலம் குன்றியதை உணர்ந்த விமானி அந்நிலையில் பறத்தலாகாது. அஃதாவது, பிறருக்கு நோய் ஒரு துன்பம். விமானிக்கோ, அதனை வெளியிடுவது ஒரு கடமையுமாகும்.

கடமையை விதித்துவிட்டால் மட்டும் போதுமா? உண்மையைச் சொன்னவர் பட்டினி கிடக்க நேருமாயின் யார் உண்மை சொல்வார்? இதனை உணர்ந்த விமான நிறுவனங்கள் பலவற்றில் மூன்று படிகள் உள. சில நாள் நோய்க்குச் சம்பளத்தோடு விடுமுறை என்பது முதற்படி. நோய் நீடித்தால் சம்பளத்தில் ஒரு பங்கு தொடர்ந்து கிடைப்பது இரண்டாம் படி. இனிப் பறக்கவே இயலாதென மருத்துவர் தீர்த்துரைத்தால், உரிமம் இழந்தமைக்கான காப்புறுதிப் பணம் மூன்றாம் படி. நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் நாள்களும் தொகையும் வேறுபடும். கருத்து ஒன்றே: நோயை மறைக்கும் தேவை எழலாகாது.

இப்படிகளில் ஒன்று தளர்ந்திருந்தால் என்ன நேரும் என்பதை உலகம் ஒரு முறை கண்டது. 2015 மார்ச் 24ஆம் நாள், பார்சிலோனாவிலிருந்து ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகருக்குச் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானமொன்றைத் துணை விமானி வேண்டுமென்றே ஆல்ப்ஸ் மலையில் மோதவிட்டார். அவர் உட்பட 150 பேர் மாண்டனர். அவர் கடும் உளநோயால் வருந்தியவர். வேலைக்குத் தகுதியற்றவர் என மருத்துவர் சான்றளித்திருந்தும், அதனை நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் மறைத்தார். இதனைக் கொண்டு உளநோயாளரைக் கண்டு அஞ்சுவது தவறு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு நினையாதவர். நாம் கருதத்தக்கது வேறொன்று. 2016இல் அறிக்கை வெளியிட்ட பிரெஞ்சு விபத்து ஆராய்வாளர்கள், இந்நிகழ்ச்சிக்குத் துணைசெய்திருக்கக்கூடிய காரணங்களுள் இரண்டைக் குறித்தனர். நோயைச் சொன்னால் பறக்கும் தொழில் போய்விடும் என்ற அச்சம் ஒன்று. வருமான இழப்பை ஈடுசெய்யும் தக்க காப்புறுதி இல்லாமை மற்றொன்று. ஒரு தனிமனிதரின் சம்பளக் கணக்கு எத்தனை குடும்பங்களைத் தொடக்கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

கொட்டகலையில் இருந்துகொண்டு ஆல்ப்ஸ் மலையை ஏன் பேசுகின்றோம் என்று வாசகர் கேட்கலாம். நோயை வெளியிட்டால் கூலி போய்விடும் என்ற அதே அச்சம், நம் மலைகளிலும் காலைதோறும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்கிறது, ஆதலினாலேயே பேசுகின்றோம்.

நாம் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். நம் அன்னையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தார். நாம் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஓர் ஆடி மாதம், மழை விடாது பெய்துகொண்டிருந்தது. அன்னையாருக்குக் காய்ச்சல் கண்டது. கொத்தமல்லியும் இஞ்சியும் இட்டுக் காய்ச்சிய நீரைக் குடித்துவிட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக் கூடையை எடுத்தார். "அம்மா, டிஸ்பென்சரிக்குப் போங்களேன்" என்றோம். "போனா இன்னைக்குப் பேரு விழாது தம்பி. பேரு விழலைன்னா கடைக்காரருக்கு என்ன சொல்றது?" என்றார். செக்ரோலில் பெயர் பதிந்தால்தான் ஒரு நாட்கூலி. அதனையே தோட்டத்தில் 'பேர்' என்பர்.

நான்கு நாள் அவ்வாறு சென்றது. ஐந்தாம் நாள் மலைச்சரிவில் நிற்க இயலாமல் அமர்ந்துவிட்டார். உடன் பறித்த பெண்கள் தாங்கிக்கொண்டு வந்தனர். நுரையீரலில் சளி கட்டிவிட்டதென்று வைத்தியசாலையில் பதினாறு நாள் வைத்திருந்தனர். இரண்டு நாள் கூலியைக் காக்கப் போய்ப் பதினாறு நாள் கூலி போயிற்று. அதன்பின் மேட்டில் ஏறும்போதெல்லாம் அவருக்கு மூச்சு இரைத்தது. கூடையின் நிறையும் பழைய அளவை எட்டவில்லை. அக்காலத்துக் கணக்கப்பிள்ளை கொடியவர் அல்லர். வைத்தியசாலைக்கே வந்து நலம் கேட்டுப் போனார். ஆயினும் அவர் கையிலிருந்த கூலிக் கணக்கில் வந்தவர், வராதவர் என்னும் இரண்டு குறிகளே இருந்தன. நோயுற்றவர் என்னும் மூன்றாம் குறிக்கு அங்கே இடமில்லை.

இன்று கல்லூரியில் கற்பிக்கும் நமக்கு அவ்விடர் இல்லை. அரசாங்க ஆசிரியர்க்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அமைய விடுமுறையும் 20 நாள் சுகவீன விடுமுறையும் சம்பளத்தோடு உண்டு. காய்ச்சல் கண்டால் நாம் படுத்துக்கொள்கின்றோம். மாத முடிவில் சம்பளம் குறைவதில்லை. நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் அன்னையர் பலர்க்கு அந்நிலை இன்னும் எட்டவில்லை.

இந்நாட்டில் தொழிலாளர் சட்டங்களே இல்லையென்று கூறிவிட முடியாது. தோட்டத் தொழிலாளர்க்கு வைத்திய வசதி அளிப்பது பற்றி 1872இலும் 1912இலும் சட்டங்கள் பிறந்தன. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேரும் காயத்துக்கு ஈடு வழங்கப் பணிக்கிறது. உச்ச வரம்பாக இருந்த 550,000 ரூபா, 2022இல் செய்த திருத்தத்தால் 2,000,000 ரூபாவாக உயர்ந்தது. வேலைக்கு வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும் அதனுள் அடங்கின. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைச் சட்டம் பிள்ளை பெற்ற தாய்க்குக் கூலியோடு ஓய்வு தந்தது. இன்று அவ்வோய்வு 84 நாள். 1958இல் ஊழியர் சேமலாப நிதியும் 1980இல் ஊழியர் நம்பிக்கை நிதியும் வந்தன. முற்றாக உழைக்க இயலாமற் போனவர்க்கு அவை உதவுகின்றன.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் இடையிலுள்ள பள்ளம் புலப்படும். மலையில் குளவி கொட்டி விழுந்தால், தொழிற்சாலை இயந்திரத்தில் விரல் போனால், நட்டஈட்டுச் சட்டத்தின் வாயிலைத் தட்டலாம். முதுமையில் சேமலாப நிதி உண்டு. நடுவே வருகின்ற சாதாரணக் காய்ச்சலுக்கு, வயிற்றுக் கடுப்புக்கு, முதுகுப் பிடிப்புக்கு என்ன உண்டு? ஹட்டன் நகரத்துப் புடவைக் கடையில் நிற்கும் இளைஞருக்கு, 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலகப் பணியாளர் சட்டம், சுகவீனத்துக்கும் சொந்த அலுவலுக்குமாக ஆண்டில் 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது. அவருடைய அன்னை கொழுந்து பறிப்பவராயின், அவர் அச்சட்டத்துக்குப் புறம்பானவர். வேலை செய்த நாள்களுக்கேற்ப அவருக்கு ஆண்டு விடுமுறைக் கூலி உண்டு. காய்ச்சலுக்கெனத் தனியே ஒதுக்கிய கூலி நாள் இல்லை. ஒரே வீட்டில், ஒரே காய்ச்சலுக்கு, இரண்டு நீதி!

வருகைக்கென்று தனிப்படி கொடுக்கும் முறை இதனை மேலும் கூர்மையாக்கியது. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்கூலி 620 ரூபா என்று கணக்கிடப்பட்டது. அடிப்படை 450, விலைப் பங்கு 30, வருகைப் படி 140. வேலை வழங்கப்பட்ட நாள்களில் நூற்றுக்கு 75 பங்கு வந்தவர்க்கே அந்த 140 ரூபா. மாணாக்கர் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். மாதத்தில் 25 நாள் வேலை வழங்கப்பட்டால் 19 நாள் வந்திருத்தல் வேண்டும். 19 நாள் வந்தவர் பெறுவது 11,780 ரூபா. 18 நாள் வந்தவர் பெறுவது, நாளுக்கு 480 ரூபா வீதம், 8,640 ரூபா. ஒரே ஒரு நாளுக்கு வேறுபாடு 3,140 ரூபா! ஐந்து நாள் கூலிக்கு மேல்! அந்த ஒரு நாளில் உடம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்க்க எந்தத் தாய்க்குத் துணிவு வரும்?

2019ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அவ்வருகைப் படி நீங்கிற்று. 2024இல் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாயிற்று. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், அதனை 1,550 ஆக்கி, அரசாங்கத்தின் பங்காக நாளொன்றுக்கு 200 ரூபா வருகை ஊக்கப்படியும் சேர்க்க முன்வந்தது. கூலி உயர்வதை நாம் மனமார வரவேற்கின்றோம். உழைப்புக்கு வருபவரை ஊக்குவிப்பதும் தவறன்று. ஆயின், வருகைக்கு ஒரு விலை வைக்கும்போதெல்லாம், வர இயலாத நோயாளிக்கும் ஒரு வழி வைத்தல் வேண்டும். இல்லையேல் ஊக்கம் என்று நாம் கருதுவது, காய்ச்சலோடு மலையேறத் தூண்டும் கோலாக மாறிவிடும்.

கடலுக்கு அப்பால் நம் உறவினர் வாழும் மலைகளைப் பாருங்கள். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்கள் பல, நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் குடியேறின. அங்கேயும் அதே தேயிலை, அதே மழை, அதே காய்ச்சல். எனினும் இந்தியாவில் 1951இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம், தக்க மருத்துவர் சான்றளித்த நோய்க் காலத்துக்குப் படி பெறும் உரிமையைத் தன் 32ஆம் பிரிவில் எழுதி வைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 1952இல் வகுத்த சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையில், நோய்க் காலத்தில் முன்னைய ஊதியத்தில் நூற்றுக்கு 45 பங்கேனும் கிடைத்தல் வேண்டும் என்று குறைந்தபட்ச அளவொன்றைக் காட்டியது. ஆகவே நாம் கேட்பது எவரும் கேளாத புதுமையன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன்பே உலகம் ஒப்புக்கொண்ட ஒன்று.

"இப்படியொரு விதி வந்தால் எல்லோரும் தலைவலி என்று படுத்துவிடுவார்களே!" என்று சிலர் கூறுவர். ஆசிரியரும் எழுதுவினைஞரும் விமானியும் அவ்வாறு படுத்துவிடவில்லையே! பொய்ச் சான்று தருவோர் எத்தொழிலிலும் சிலர் இருப்பர்; அவர்களுக்காகப் பலரைத் தண்டித்தல் அறமாகாது. மருத்துவரின் சான்றும் நாள் வரம்பும் வைத்தால் முறைகேட்டைத் தடுக்கலாம். கடைப் பணியாளர்க்குள்ள அதே 7 நாளைக் கொழுந்து பறிப்பவர்க்கும் கொடுத்தால், 1,350 ரூபாக் கணக்கில் ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு 9,450 ரூபா ஆகும். தோட்டங்களின் சுமையை நாம் அறியாதவர் அல்லோம். எனினும் நோயை முற்றவிட்டு, நல்ல கைகளை வாரக்கணக்கில் இழப்பதும் தோட்டத்துக்கு இலாபமன்று.

சட்டம் வரும் வரை வீடுகளில் செய்யத்தக்கவை சில உள. வேலையில் காயம் பட்டால், எவ்வளவு சிறிதாயினும், அன்றே தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள். நட்டஈடு கேட்கும்போது அந்த ஓர் எழுத்தே துணை. மாணாக்கரே, அன்னையின் சம்பளத் துண்டை மாதந்தோறும் வாங்கி வாசித்துப் பாருங்கள். எத்தனை பேர், என்ன படி, என்ன கழிவு என்று அவருக்கும் சொல்லுங்கள். நட்டஈட்டுச் சட்டத்தில் உங்கள் வீட்டுக்கு உரியது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சலோடு வேலைக்குப் போன தாயைப் பொறுமையின் உருவம் என்று மேடையில் புகழ்ந்துவிட்டு அமைதியடையாதீர்கள். அப்பொறுமை அவர் விரும்பி ஏற்ற நோன்பன்று. வேறு வழியின்மையால் வந்தது. அவ்வழியை உண்டாக்கும் பொறுப்பு, அவர் பறித்த கொழுந்தால் படித்து உயர்ந்த நம் தலைமுறைக்கு உண்டு.