யாம் துரப்பணம் வாங்கிய வரலாறு

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யாம் இல்லம் புகுந்த மூன்றாம் நாள், எம் பாட்டியார் குளியலறையில் கால் வழுக்கி வீழ்ந்தார். இறைவனருளால் எலும்பு ஒன்றும் முறிந்திலது. ஆயினும், 78 வயது நிரம்பிய அவர் அன்று தொட்டுக் கதவின் தாழைப் பற்றிக்கொண்டே உட்செல்வாராயினர். மருத்துவர், சுவரில் எஃகுக் கைப்பிடியொன்று பொருத்துமாறு கூறினார்.

கைப்பிடி எளிதிற் கிடைத்தது. அதனைப் பொருத்துவதற்குச் சுவரில் துளையிடல் வேண்டுமன்றோ? ஊரிலுள்ள மின்பணியாளர் திருநாள் கழிந்த பின்னரே வரவியலும் என்றமையின், துளையிடும் மின்பொறியொன்றை யாமே வாங்கிவிடத் துணிந்தோம். தந்தையார் 3,500 ரூபாயை எம் கையிற் கொடுத்து, "மிஞ்சுவதைத் தேர்வுக் கட்டணத்திற்கு வைத்துக்கொள்" என்றார். இவ்வொரு சொல்லே எம்மை மலிவின்பால் ஈர்த்தது என்பதை மறைத்தற்கில்லை.

துளையிடும் கருவிக்குத் துரப்பணம் என்பது தமிழிற் பழம்பெயர். எம் அம்மான் தச்சுத் தொழிலர். அவர்தம் தந்தையார் கயிறு சுற்றி வில்லால் இழுத்துச் சுழற்றிய துரப்பணம் இன்றும் அவர் பட்டறைச் சுவரில் தொங்குகின்றது. மின்னால் இயங்கும் துரப்பணத்திற்கு ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரில் 1889இல் காப்புரிமை பெறப்பட்டது. 1895இல் ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் நகரத்துப் பைன் நிறுவனத்தார் அதனைக் கையில் ஏந்தத்தக்கதாகச் செய்தனர். கைத்துப்பாக்கி போன்ற பிடியும், விரலால் அழுத்தும் விசையும் கொண்ட வடிவிற்கு அமெரிக்க நாட்டுப் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்தார் 1917இல் காப்புரிமை பெற்றனர். யாம் சென்ற கடையில் அடுக்கப்பட்டிருந்தவை யாவும் இவ்வடிவினவே. ஒன்றன் விலை 1,400 ரூபாய், மற்றொன்று 3,200, வேறொன்று 8,000க்கும் மேல். புறத்தோற்றத்தால் அவற்றிடை வேறுபாடு காண எம்மால் இயலவில்லை.

கடைக்காரர் கம்பியில்லாப் பொறியொன்றையும் எடுத்துக் காட்டி, "இது 20 வோல்ட்டு, தம்பி, மற்றவை 18தான்" என்றார். வீட்டிற்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கிற்று. இரண்டிலும் ஐந்து லித்தியம் கலங்களே உள. ஒவ்வொன்றிற்கும் மின்னேற்றம் நிறைந்த தருணத்தில் ஏறத்தாழ 4 வோல்ட்டு, வேலை செய்கையில் 3.6. முன்னதை ஐந்தால் பெருக்கியவர் 20 என்றும், பின்னதைப் பெருக்கியவர் 18 என்றும் பெட்டியின்மேல் அச்சிட்டுள்ளனர், பொருள் ஒன்றே! அன்றியும், ஒரு நிறுவனத்தாரின் மின்கலம் பெரும்பாலும் மற்றொருவர் பொறியில் பொருந்தாது. பயன்படுத்தாது வைத்திருப்பினும் ஆண்டுகள் செல்லச் செல்ல வலுக் குன்றும். ஆண்டிற்குப் பத்துத் துளையிடும் இல்லத்தார்க்குக் கம்பியுள்ள பொறியே சாலும் என்பது எம் கருத்து.

நிற்க. 1,400 ரூபாய்ப் பொறியையே வாங்கினோம். பெட்டியில் 750 வாட் என்றிருந்தது. அருகிலிருந்த 3,200 ரூபாய்ப் பொறியிலோ 600 என்றே இருந்தது. "விலை குறைவு, வலிமை மிகுதி" என்று மகிழ்ந்து திரும்பினோம். கைப்பிடியின் ஒரு முனை செங்கற் சுவரிலும், மற்றொன்று கான்கிரீட் தூணிலும் அமைய நேர்ந்தது. செங்கற் சுவரில் துளை விரைவில் விழுந்தது. ஆனால் 8 மில்லிமீட்டர் அலகினால் இட்ட துளை 10 மில்லிமீட்டர் அளவிற்கு அகன்று, திருகாணிக்கு முன் செருகும் பிளாஸ்டிக் ஆப்பு அதனுள் கழன்றாடிற்று. தூணிலோ, தோள் நோக அழுத்தியும் அரை அங்குலத்திற்கு மேல் அலகு இறங்கவில்லை. அலகின் நுனி நீலநிறம் பாய்ந்தது. பொறியினின்றும் கருகல் நாற்றம் எழுந்தது.

இனிக் கூறப்போவது எமக்குப் பெருமை தருவதன்று. அகன்ற துளைகளில் தீக்குச்சிகளைத் திணித்து ஆப்பை இறுக்கினோம். தூணில் நீண்ட திருகாணிகளுக்கு மாறாகக் குட்டையானவற்றை முடுக்கினோம். கைப்பிடி பளபளவென்று நேராக நின்றது. தந்தையார் அசைத்துப் பார்த்து, "நன்று" என்றார். பாட்டியார் எம் தலைமேல் கைவைத்து ஆசி கூறினார்.

அன்றிரவு சபையின் கீதக் குழுவினரோடு தெருத்தெருவாகப் பாடிச் சென்றோம். வாய் பாடிற்று, உள்ளம் அத்தீக்குச்சிகளையே எண்ணிற்று. பாட்டியார் வைகறை நான்கரை மணிக்கு எழுந்து முகங்கழுவிச் செபிக்கும் வழக்கினர். இதுகாறும் கதவைப் பற்றினவர் இனி அக்கைப்பிடியை நம்பித் தம் முழுப்பாரத்தையும் அதன்மேல் இடுவாரன்றோ? கைப்பிடியே இல்லாதிருந்த நிலையினும் இது கொடிதாயிற்று. இரண்டு மணிக்கு வீடு திரும்பியதும் தந்தையாரை எழுப்பி உள்ளதை உரைத்தோம். அவர் ஒன்றும் பேசாது ஒரு கயிற்றை எடுத்து வந்து, கைப்பிடியின் குறுக்கே கட்டி, அதன்மேல் ஒரு துணியையும் தொங்கவிட்டார். கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

மறுநாள் அம்மான் தம் துரப்பணத்தோடு வந்தார். பழைய துளைகளைச் சிமெந்தால் அடைப்பித்து, நான்கு அங்குலம் உயர்த்திப் புதிதாகக் குறியிட்டார். டைல்ஸ் ஓடு வெடியாதிருக்க, முதலில் மெல்லச் சுழற்றி ஓட்டைத் துளைத்து, அதன்பின்னரே சுத்தியல் விசையைத் திருப்பினார். தூணில் ஒரு துளைக்கு அரை நிமிடமும் ஆகவில்லை.

"மாமா, எம் பொறியிலும் சுத்தியல் விசை உண்டே?" என்று வினவினோம்.

"உண்டு, மருமகனே. அதனுள் பல்லுள்ள இரு வட்டுகள் ஒன்றன்மேலொன்று உராய்ந்து குதிக்கும். நீ எவ்வளவு அழுத்துகின்றாயோ அவ்வளவே அடி. செங்கல்லிற்கு அது போதும். என்னுடையதில் உந்தொன்று காற்றை அழுத்த, அக்காற்று இரும்புக் குண்டைத் தள்ளி அலகை அடிக்கும். அடிப்பது காற்று, நான் பிடித்திருக்கின்றேன், அவ்வளவே" என்றார்.

பின்னர் எம் பொறியின் வாயில் நேரான அலகொன்றைப் பூட்டிச் சுழற்றிக் காட்டினார். நுனி ஒரு புள்ளியில் நில்லாது சிறு வட்டமிட்டது. துளை அகன்றமைக்கு அதுவே காரணம். கடையிலேயே இதனைச் சுழற்றிப் பார்த்திருக்கலாமே என்று நாணினோம். பெட்டியிற் கண்ட 750 வாட் என்பது பொறி உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது செய்யும் வேலையின் அளவன்று என்பதையும் அவரே விளக்கினார். தண்டினைத் தாங்குவது குண்டுப் பொதிகையா, வெறும் உலோக வளையமா. உள்ளே சுற்றியிருப்பது செம்பா, அலுமினியமா. தேய்ந்த கரித்துண்டை மாற்ற வெளியே மூடி உண்டா, உதிரிப்பொருள் கிடைக்குமா? இவையே விலையின் மருமங்கள். அவர் பொறிக்குப் பதினொரு ஆண்டு. மும்முறை கரித்துண்டு மாற்றினாராம்.

"அப்படியாயின் யாமும் எட்டாயிரம் கொடுத்திருக்க வேண்டுமோ?" என்றோம்.

அவர் நகைத்தார். "உனக்கெதற்கு? நான் நாளொன்றிற்கு நூறு துளையிடுகின்றேன். உன் வீட்டில் ஆண்டிற்குப் பத்து. நடுத்தரமானதே உனக்குப் போதும். தூண் வந்தால் என்னைக் கூப்பிடு. அயலூரானால் வாடகைக்கு எடு. மிஞ்சும் காசில் நல்ல அலகு வாங்கு. நீ வாங்கியது நாற்பது ரூபாய் அலகு. பொறியை மட்டும் நொந்து என்ன?"

ஒன்றில் மட்டும் அவர் இளகவில்லை. அறுக்கும் வட்டுப் பொறி, நான்கு அங்குல வட்டை நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 முறை சுழற்றுவது. அதன் காப்புத்தகடு தளர்ந்ததாயின் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே என்று கூறி, தம் இடக்கையின் வடுவைத் தடவிக்கொண்டார். அது எவ்வாறு நேர்ந்தது என்று யாம் வினவவில்லை.

எம் மலிவுப் பொறியைக் கடைக்காரர் திருப்பி ஏற்றிலர். அலகை மாற்றி, இடையிடையே ஆறவிட்டு வேலை வாங்கினால் மரத்திற்கும் செங்கல்லிற்கும் அஃது இன்னும் உதவுகின்றது. ஆடுவதறிந்து அரை அளவு சிறிய அலகையே பூட்டுகின்றோம். தேர்வுக் கட்டணம் செலுத்தியாயிற்று. கைப்பிடியில் அம்மானும் தந்தையாரும் ஒருசேரத் தொங்கிப் பார்த்த பின்னரே கயிறு அவிழ்க்கப்பட்டது. பாட்டியார் இப்பொழுது அதில் தம் ஈரச்சேலையையும் உலர்த்துகின்றார். வேண்டாமென்று சொல்ல எவர்க்கும் துணிவில்லை.