கந்தோர் வாங்கிலிருந்து

பசறை, 2003 டிசம்பர்

பிள்ளைக்காம்பிரா முற்றத்தில் மேசை போட்டு, பொழுது சாயும்வரை பிரஜாவுரிமைப் படிவங்களை நிரப்பினோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கென்றும் மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கென்றும் பங்கிடப்பட்ட இந்திய வம்சாவளி ஜனங்களில், அந்தத் திகதி முதல் இங்கேயே வசித்துவருபவர்களும் அவர்தம் சந்ததியாரும் பிரஜைகளாகலாம் என்று இவ்வாண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் விதித்திருக்கிறது. கொழுந்துக் கறை படிந்த பெருவிரல்களை ஒவ்வொன்றாய்த் துடைத்து மையில் தோய்த்தபோது, இத்தனை சுலபமாய்ச் செய்யக்கூடிய ஒரு காரியத்துக்கு ஐம்பத்தைந்து வருஷம் காக்கவைத்தார்களே என்று மனம் பதைத்தது.

பதுளை, 2007 ஜூன்

அன்று பத்து நாட்களில் ஏறத்தாழ ஒரு இலட்சத்துத் தொண்ணூறாயிரம் பேர் பிரஜையானார்கள். ஆனால் பிரஜாவுரிமை வேறு, அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவது வேறு என்பதை இந்த உள்நாட்டு யுத்தம் எங்களுக்குத் தெளிவாக உணர்த்திவிட்டது. அடையாள அட்டை இல்லாத தோட்டத்துப் பையன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவதெப்படி?

அந்த அட்டைக்காக வந்த ஒரு தாயோடு இன்று ஒரு கந்தோரில் உட்கார்ந்திருந்தேன். சொப்பிங் பையிலிருந்து அவள் எடுத்துவைத்தவை மூன்று: மகனின் பிறப்புச் சான்றிதழ், தோட்டத்துத் துரை அத்தாட்சிப்படுத்திய விண்ணப்பம், மடிப்புகளில் கிழிந்துபோன அவளுடைய பிரஜாவுரிமைப் பத்திரம். தமிழறியாத எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்ததனால், மூன்றிலும் தகப்பன் பெயர் மூன்று விதமாய் இருந்தது. சத்தியக் கடதாசி கொண்டுவரும்படி சொல்லி, அவளுடைய முகத்தைப் பாராமலே திருப்பியனுப்பினார்கள். இன்றைக்கு அவளுக்குப் பேர் இல்லை. அடுத்த முறை வரும்போதும் இல்லை. துப்பாக்கி ஏந்தாத அந்த மேசையும் ஒரு சோதனைச் சாவடிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேற்குக் கரைச் சோதனைச் சாவடிகளிலும் அனுமதிப் பத்திரக் கந்தோர்களிலும் 2001ஆம் ஆண்டு முதல் இஸ்ரேலியப் பெண்கள் சிலர், 'மக்சோம் வொட்ச்' என்ற பெயரில், தங்கள் அரசின் சிப்பாய்கள் பாலஸ்தீனரை நடத்தும் விதத்தை அருகே நின்று கவனித்து எழுதிவருகிறார்கள். அவர்கள் ஆளும் இனத்தவர். நாங்களோ வரிசையில் நிற்பவர்களின் பிள்ளைகள். அந்தப் பேதம் சிறிதன்று. ஆயினும் வந்த நேரம், அழைத்த நேரம், திருப்பியனுப்பிய காரணம் ஆகிய இவற்றை ஒரு கொப்பியில் குறித்துவைக்க எங்களால் ஆகாதா? அந்தக் குறிப்பு ஒரு நாள் நீதிமன்றத்துக்கும் உதவலாம். இம்மாதம் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்களில் ஏற்றித் துரத்தியபோது, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடுக்க, மறுநாளே உயர் நீதிமன்றம் தடைவிதித்ததையும் கண்டோமே!

பண்டாரவளை, 2008 ஓகஸ்ட்

கொழும்பு பஸ்ஸை இடைவழியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அட்டையைப் பார்த்ததும் சிலர் மறுபடி ஏறினார்கள். எங்கள் பெயர்களை வாசித்த மாத்திரத்தில் எங்களை ஓரமாய் நிற்கச் சொன்னார்கள். தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் அச்சிட்ட தன் அட்டையை நீட்டியபடி நின்ற பையனிடம், எங்கே போகிறாய், யாரைத் தெரியும் என்று கேள்விமேல் கேள்வி வந்தது. நான் பக்கத்தில் போய் நின்று, மகாத்தயா, இவன் எங்கள் தோட்டத்துப் பிள்ளை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, கொப்பியைத் திறந்து நேரத்தை எழுதினேன். சிப்பாய் என்னையும் கொப்பியையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கும் இருபது வயதுக்குமேல் இராது. பிறகு குரலைத் தாழ்த்தி, ஏறச் சொன்னான். எழுதியதனால்தான் விட்டான் என்று நான் சாதிக்க வரவில்லை. பிந்துனுவெவ முகாமில் 2000 ஒக்டோபரில் தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் காவல் இருக்கும்போதே கொல்லப்பட்டது இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். ஆகையால், இங்கே ஒரு பையனைத் தனியே நிறுத்திவைத்தால் நான் பஸ்ஸில் ஏறி உட்காரமாட்டேன்.

கொப்பியைப் பிரதியெடுத்து மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அனுப்பவேண்டும். திங்கட்கிழமை கந்தோர் வாங்கில் இருக்க மடுல்சீமையிலிருந்து ஓர் ஆசிரியை வருகிறார். சத்தியக் கடதாசி எழுத ஒரு சமாதான நீதவானையும் இலவசமாய் ஒழுங்கு செய்திருக்கிறோம்.