நமக்கு ஆஃப் ரோடு... அவர்களுக்கு அன்றாட ரோடு!

கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது கல்வராயன். ஒரு பக்கம் சேலம் மாவட்டம். மறுபக்கம், 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டம். கருமந்துறையில் சைக்கிள் மிதிக்கத் தொடங்கிய நாங்கள் நான்கு பேர், முடிந்தவரை தார் ரோட்டைத் தவிர்த்து, மூன்றாம் நாள் வெள்ளிமலையிலிருந்து கோமுகி அணைக்கு இறங்கினோம்.

வழியெல்லாம் மரவள்ளிக் காடு, சாமை, கடுக்காய் மரங்கள். சரளைக்கல் ஏற்றத்தில் சைக்கிளை உருட்டித்தான் போக வேண்டும். மூச்சு வாங்க நின்ற ஒரு திருப்பத்தில், தலையில் மூட்டையோடு எங்களைக் கடந்த பாட்டி கேட்டார்:

``நல்ல ரோடு இருக்கறப்ப இதுல எதுக்குக் கண்ணு வர்றீங்க? எங்களுக்குத்தான் வேற வழி இல்ல.''

பதில் சொல்லத் தெரியவில்லை.

1976 வரை ஜாகிர்தார்கள் பிடியில் இருந்த மலை இது. இங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்களின் வாழ்நிலை குறித்து, 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தாமாக முன்வந்து வழக்கை விசாரணைக்கு எடுத்தது.

பெரியார் அருவியில் கால் நனைத்து, அணைத் தண்ணீர் கண்ணில் பட்டதும் எல்லோரும் விசிலடித்தோம். மூன்று நாளில் எங்கள் சாகசம் முடிந்துவிட்டது. பாட்டிக்கு நாளைக்கும் அதே ஏற்றம்தான்.

நீங்களும் போகலாம். காட்டுப் பாதை என்றால் வனத்துறையிடம் அனுமதி கேளுங்கள். பம்ப், ஸ்பேர் டியூப் அவசியம். எதிரே யாராவது மூட்டையோடு வந்தால், இறங்கி வழிவிடுங்கள். அது அவர்கள் பாதை!